லைன் வீடுகளில் சங்கம் முளைக்கட்டும்

2025 நவம்பர் 4ஆம் தேதி மாலை, கிருஷ்ணகிரி மாவட்டம் லாலிக்கல் கிராமத்தில் உள்ள பெண்கள் விடுதியிலிருந்து பெருந்திரளாகப் பெண்கள் வெளியே வந்தார்கள். டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை செய்கிறவர்கள். குளியலறையில் ரகசிய கேமரா இருந்தது தெரிந்ததும் பொறுக்க முடியாமல் திரண்டவர்கள், விடிய விடிய அந்த வாசலை விட்டு நகரவில்லை. காவல் துறையும் வருவாய்த் துறையும் ஓடி வந்தன. ஒடிசாவைச் சேர்ந்த சக பெண் தொழிலாளி ஒருவர் கைதானார். சில நாளில் அவருடைய ஆண் நண்பரும் பிடிபட்டார். அத்தோடு செய்தி முடிந்தது.

ஓசூரில் பேச்சு முடியவில்லை. டீக்கடையிலும் பேருந்து நிலையத்திலும் நான் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: "இத்தனை பேரை ராத்திரியில் யார் கூட்டியது? பின்னால் யாரோ இருக்கிறார்கள்." குளியலறையில் கேமரா வைத்தால் எந்தப் பெண்ணும் கொதிப்பாள். அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பெண்கள் ஒன்றுகூடி வாய் திறந்தால், நமக்கு முதலில் வருவது சந்தேகம்தான். அந்தச் சந்தேகத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நான் மத்தூர்க்காரன். ஐடிஐயில் டர்னர் படித்துவிட்டு 1983இல் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வந்தேன். ஒரே ஆலையில் ஓய்வு வரை இருந்தேன். ஆலைச் சங்கத்தில் பல ஆண்டுகள் பொறுப்பில் இருந்தேன். இப்போது சின்ன எலசகிரியில் நண்பர் ஒருவரின் ஜெராக்ஸ் கடையில் மாலை நேரங்களில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ஈஎஸ்ஐ, பிஎஃப் மனுக்கள் எழுதிக் கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த இளைஞர்கள்.

"பின்னால் யார்?"

இந்தக் கேள்விக்கு எங்கள் மண்ணில் நீண்ட கதை உண்டு. கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் தருமபுரி. 1980இல் தருமபுரி, வட ஆற்காடு பகுதிகளில் நக்சலைட்டுகளை ஒடுக்க போலீஸ் அதிகாரி வால்டர் தேவாரம் தலைமையில் பெரும் போலீஸ் நடவடிக்கை நடந்தது. 2002இல் ஊத்தங்கரைப் பக்கம் பிடிபட்டவர்கள் மீது பொடா சட்டம் பாய்ந்தது. துப்பாக்கி அரசியலில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. ஆனால் அந்த ஆண்டுகள் விட்டுப்போன பழக்கம் ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கூலி உயர்வு கேட்டவனையும், கல்குவாரியில் கொத்தடிமையாகக் கிடந்தவனுக்காக மனு போட்டவனையும் தீவிரவாதி என்று சொல்லி வாயடைப்பது இங்கே எளிதாகிப்போனது. இன்று அந்த முத்திரை புலம்பெயர்ந்து வந்தவர்களுக்குத் தயாராக இருக்கிறது.

சமீபத்தில் தமிழ்நாட்டைத் திரும்பிப் பார்க்க வைத்த போராட்டங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் சாப்பாடு விஷமாகி, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சேர்ந்தவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. உண்மையைச் சொல்ல நம்பகமான ஆள் யாருமில்லை. பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்ட பிறகுதான், 2022 ஜனவரியில் ஆலை திறந்தது. 2025 செப்டம்பரில் சென்னை அருகே காட்டுப்பள்ளியில் உத்தரப் பிரதேசத் தொழிலாளி ஒருவர் தவறி விழுந்து இறந்தார். இழப்பீடு கேட்டு உடன் வேலை செய்தவர்கள் திரண்டார்கள். கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, கைது என்று அது முடிந்தது. அடுத்து நவம்பரில் லாலிக்கல்.

இவை எதுவும் சம்பளத்துக்காக எழுந்தவை அல்ல. சோறு, சாவு, மானம் ஆகியவைதான் காரணம். இரண்டு போராட்டங்கள் விடுதியில் வெடித்தன. தொழிற்சங்கக்காரர்களாகிய நாங்கள் ஆலை கேட்டுக்கு வெளியே நின்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். புலம்பெயர்ந்து வந்தவரின் அரசியலோ அவர் படுத்து எழும் இடத்தில் தொடங்குகிறது. அந்த இடத்தில் பேசத் தெரிந்த, பொறுப்பேற்கத் தெரிந்த ஒரு அமைப்பு இல்லாதபோது கோபம் வதந்தியாகவோ கல்லாகவோதான் வெளியே வரும்.

தங்கவயலில் நாம்தான் வந்தேறிகள்

இது நமக்குப் புதிய கதை அல்ல. ஓசூரிலிருந்து எல்லை தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியது. அன்றைய வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து, இன்றைய கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்தும்கூட, ஆயிரமாயிரம் பேர் அங்கே போனார்கள். பெரும்பாலோர் நிலமற்ற தலித்துகள். என் தாத்தாவும் அவருடைய தம்பியும் சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான லைனில் இருந்தவர்கள். மைசூர் சமஸ்தானத்துக்கு அவர்கள் வேற்று மொழிக்காரர்கள், வேற்று ஊர்க்காரர்கள். பூமிக்கு அடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பாறை உடைக்க மட்டும் வேண்டியவர்கள்.

அந்த லைன் வீடுகளில்தான் தமிழர்களின் புதிய அரசியல் ஒன்று முளைத்தது. அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிகுப்பத்தில் 1907இலேயே கிளை இருந்தது. அவர் நடத்திய 'தமிழன்' இதழ் அவருடைய மறைவுக்குப் பின், 1926இல் ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருக்கத் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. ஊரில் கோயில் வாசலில்கூட நிற்க விடப்படாதவர்கள், சுரங்கத்திலிருந்து ஏறி வந்து கூட்டம் போட்டார்கள், படித்தார்கள், சாதியை எதிர்த்து எழுதினார்கள்.

1930இல் சுரங்க நிர்வாகம் எல்லாத் தொழிலாளியின் கைரேகையையும் பதிவு செய்ய முனைந்தது. வேலையை விட்டு நீக்கியவன் வேறு பெயரில் திரும்பி வந்துவிடாமல் தடுக்க அந்த ஏற்பாடு. குற்றவாளியிடம் எடுப்பதை எங்களிடம் எடுப்பதா என்று தங்கவயல் கொந்தளித்தது. ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். மைசூர் சமஸ்தானத்தில் தொழிற்சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரமே இல்லாத காலம் அது. அந்தப் போராட்டத்துக்கும் முதல் காரணம் கூலி அல்ல, மானம். பிறகு சங்கங்கள் வந்தன. பதினாறு ஆண்டு கழித்து, 1946 நவம்பர் 4ஆம் தேதி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தங்கவயல் தொழிலாளிகள் ஆறு பேர் உயிர் விட்டார்கள். லாலிக்கல் பெண்கள் திரண்டதும் ஒரு நவம்பர் 4 தான்.

அன்றைக்கும் "இந்தத் தமிழ்க் கூலிகளுக்குப் பின்னால் யார்?" என்று கேட்டவர்கள் உண்டு. பின்னால் இருந்தது வேலையின் கொடுமையும் சுயமரியாதையும்தான். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அந்த மக்கள் கட்டிய அரசியலின் பலன், படிப்பாகவும் உரிமை உணர்வாகவும் பெங்களூரு வரை, எங்கள் ஊர் வரை இன்னும் வாழ்கிறது. அதைப் பெருமையாகப் பேசுகிற நாம், ஜார்கண்டின் ஆதிவாசிப் பெண் அதே காரியத்தைச் செய்யும்போது முகம் சுளிப்பது எந்த நியாயத்தில் சேரும்?

சிங்கப்பூரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்; அங்கேயும் வந்தேறிகள் நாம்தான். 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததும் கலவரம் மூண்டது. விசாரணைக் குழு விபத்தையும் மதுவையும் காரணமாகச் சொன்னது. மது விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது. பலர் நாடு கடத்தப்பட்டார்கள். அந்தத் தொழிலாளிகள் நெருக்கிப் படுத்திருந்த விடுதிகளின் நிலை உலகத்துக்கு முழுதாகத் தெரிந்தது 2020இல், கொரோனா அந்த விடுதிகளில் பல்லாயிரம் பேரைப் பிடித்தபோதுதான்.

ஒரு விரலும் மூன்று கோரிக்கையும்

சிப்காட்டைச் சுற்றி மூக்கண்டப்பள்ளி, பேடரப்பள்ளி, ஜூஜூவாடி, சின்ன எலசகிரி என்று எந்தத் தெருவுக்குப் போனாலும் லைன் வீடுகள்தான். பத்துக்குப் பத்து அறை, மேலே சிமென்ட் ஷீட், பத்து அறைக்கு ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். பகல் ஷிப்ட் போனவன் படுத்த பாயில் இரவு ஷிப்ட்காரன் படுக்கிறான். வாடகை அறைக்கு அல்ல, தலைக்கு.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், அப்படி ஒரு லைனிலிருந்து ஒடிசா கஞ்சம் மாவட்டத்துப் பையன்கள் ராத்திரி ஜெராக்ஸ் கடைக்கு வந்தார்கள். நடுவில் நின்றவனின் வலது கை முழுக்கக் கட்டு. பவர் பிரஸ்ஸில் ஆள்காட்டி விரல் போய்விட்டது. சென்சார் வேலை செய்யாத மெஷின். உற்பத்தி குறையும் என்று அப்படியே ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். காண்ட்ராக்டர் அவனை ஈஎஸ்ஐ மருத்துவமனைக்குக் கூட்டிப் போகாமல் ஒரு தனியார் கிளினிக்கில் கட்டுப் போட்டு, கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து, மறுநாள் ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டார். ஊருக்குப் போய்விட்டால் விபத்தே நடக்கவில்லை என்று ஆகிவிடும்.

சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. காண்ட்ராக்டர் மாதாமாதம் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய கணக்கைக் காட்டினான். அதில் ஈஎஸ்ஐ பிடித்தம் என்று ஒரு வரி இருந்தது. பணம் பிடித்திருக்கிறார்கள், ஈஎஸ்ஐ எண் கொடுக்கவே இல்லை. அந்தப் பையன் கெட்டிக்காரன். ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் வருகைப் பலகையை போனில் படம் எடுத்து வைத்திருந்தான். அவனுக்குத் தமிழ் வராது, எனக்கு ஒடியா வராது. அரைகுறை இந்தியில் பேசி மனு எழுதி முடித்தபோது கடைத்தெரு அடங்கிவிட்டது.

மறுநாள் காலை அந்த லைனின் அறைகளிலிருந்து ஒருவரும் கம்பெனி வேனில் ஏறவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் காண்ட்ராக்டர் வந்தார், வீட்டு ஓனரும் வந்தார். "ரூமைக் காலி பண்ணு" என்று சத்தம். பையன்கள் கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. ஒரு காகிதத்தில் மூன்று கோரிக்கை: எல்லோருக்கும் ஈஎஸ்ஐ எண், விபத்து அறிக்கை, அந்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்வது. பொழுது சாய்வதற்குள் விபத்து அறிக்கை போனது. சிகிச்சைக் காலத்தில் சம்பளத்தில் 90 சதவீதம் ஈஎஸ்ஐ தரும் என்பது சட்டம். அது அவனுக்குக் கிடைத்தது.

அடுத்த நாள், விசாரிக்க வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் கடைக்கு வந்தார். "மனு எழுதியது யார்? இவர்கள் எந்த அமைப்பு?" என்று கேட்டுப் பெயர்களைக் குறித்துக்கொண்டு போனார். சென்சார் இல்லாத மெஷினைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உள்ளூர்ப் பிள்ளைக்கு வேலை வேண்டாமா?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். என் சொந்தக்காரப் பையன்களே டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடி அலைகிறார்கள். நிலம் கொடுத்த விவசாயியின் மகனுக்கு அந்த நிலத்தில் எழுந்த ஆலையில் இடமில்லை என்றால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தைப் பிகாரிப் பையன் மீது திருப்பிவிடும் அரசியலைத்தான் ஏற்க முடியவில்லை.

கம்பெனிகள் வெளிமாநில ஆளை ஏன் விரும்புகின்றன என்று மேனேஜர்கள் மறைப்பதில்லை. லீவு கேட்க மாட்டான், பன்னிரண்டு மணி நேரம் நிற்பான், சங்கம் சேர மாட்டான். அவன் சங்கம் சேர்ந்து அதே வேலைக்கு அதே கூலி வாங்கினால், ஆயிரம் மைல் தாண்டி ஆள் கொண்டுவந்து விடுதி கட்டிச் சோறு போடும் செலவு எந்த முதலாளிக்கும் கட்டாது. பக்கத்து ஊர்ப் பையனுக்குத் தானாகக் கதவு திறக்கும். ஆகவே வெளியிலிருந்து வந்தவரின் கூலி உயர்வதில்தான் உள்ளூர்க்காரரின் வேலை இருக்கிறது. அவர் அடங்கிக் கிடக்கும்வரை நம் பிள்ளைகளின் சம்பளமும் அடங்கித்தான் கிடக்கும்.

எல்லையில் வாழும் நமக்கு வெறுப்பரசியலின் விலை நன்றாகத் தெரியும். 1991இல் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, கைக்குழந்தைகளோடு ஓசூருக்கு வந்து இறங்கியவர்களைப் பார்த்தோம். 2016 செப்டம்பரில் அதே காவிரிச் சிக்கலில் பேருந்துகள் எரிந்தபோது, கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு ஜனங்கள் மூட்டையோடு நடந்தே வந்தார்கள். 2023 அக்டோபரில் அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடையில் கருகிச் செத்தவர்கள் பிழைப்புக்காக எல்லை தாண்டிய நம் பிள்ளைகள். 2024 ஜூலையில் தனியார் வேலைகளில் கன்னடர்களுக்கு இடஒதுக்கீடு என்று கர்நாடக அரசு ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தது. தினமும் பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வரும் ஓசூர்க்காரர்கள் அந்த நாட்களில் பட்ட கவலை எனக்குத் தெரியும். அதே கவலையைச் சின்ன எலசகிரியில் ஒருவருக்கு நாம் கொடுக்கலாமா?

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பிகாரிகள் கொல்லப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பிகார் அரசு குழு அனுப்பியது. முதல்வர் ஸ்டாலின் நிதிஷ் குமாரிடம் பேசினார். பொய் பரப்பியவர்கள் மீது வழக்குப் போடப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேர் ரயிலேறிவிட்டார்கள். ஒவ்வொரு தெருவிலும் அவர்கள் மொழியில் உண்மையைச் சொல்ல ஒரு சங்கத் தோழர் இருந்திருந்தால், அந்தப் பீதி அவ்வளவு தூரம் ஓடியிருக்காது.

செய்ய வேண்டியவை

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றின்படி ஓர் ஆலையில் பல சங்கங்கள் இருந்தால், 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவு உள்ள சங்கமே நிர்வாகத்தோடு பேசும் ஒற்றைச் சங்கமாகும். ஆறு மாதத்துக்கு ஒரு காண்ட்ராக்டர், வருஷத்துக்கு ஓர் ஆலை என்று மாற்றப்படுகிறவரை எந்த ஆலையின் கணக்கில் சேர்ப்பது? ஆலை தோறும் சங்கம் என்ற பழைய ஏற்பாடு அவருக்கு உதவாது. அவர் எங்கே குடியிருக்கிறாரோ அங்கே சங்கம் வேண்டும். சிப்காட் முழுமைக்குமாக, தெருவுக்குத் தெரு கிளையோடு ஒரு சங்கம்.

சிஐடியு, ஏஐடியுசி, எச்எம்எஸ், தொமுச என்று எந்தக் கொடியாக இருந்தாலும் என் வேண்டுகோள் ஒன்றே. இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசும் இளைஞர்களை, அந்தத் தொழிலாளர்களிலிருந்தே எடுத்து முழுநேர ஊழியர்களாக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை லைன் வீடுகளுக்குப் போங்கள். 1912இல் அமெரிக்காவின் லாரன்ஸ் நகரப் பஞ்சாலைகளில், ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் கூலி உயர்வை வென்றார்கள். அங்கே வேலைநிறுத்தக் குழுவில் ஒவ்வொரு மொழிக்காரருக்கும் இடம் இருந்தது; பேச்சுகள் அத்தனை மொழியிலும் போய்ச் சேர்ந்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஓசூருக்கு இது கஷ்டமான வேலை இல்லை.

அரசுக்கும் சொல்கிறேன். சென்னை அருகே வல்லம் வடகாலில் 18,000க்கும் மேற்பட்ட பெண்கள் தங்கும் விடுதி 2024இல் திறக்கப்பட்டது. இன்னும் பல வரப்போகின்றன. ஒவ்வொரு பெரிய விடுதியிலும் அங்கே தங்குகிறவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். சாப்பாடு, கழிப்பறை, பாதுகாப்பு மூன்றையும் நேரில் பார்க்க அந்தக் குழுவுக்கு அதிகாரம் கொடுங்கள். பிரஸ் மெஷின் ஆலைகளில் முன்னறிவிப்பின்றிச் சோதனை நடத்துங்கள். ஈஎஸ்ஐ பணம் பிடித்து எண் கொடுக்காத காண்ட்ராக்டருக்கு உரிமம் ரத்து என்று அறிவியுங்கள். ஓசூர் மாநகராட்சி, குடிநீரும் கழிப்பறையும் இல்லாத லைன் வீடுகளைக் கணக்கெடுக்கட்டும். இங்கே ஓட்டு இல்லாதவரும் இந்த நகரத்தின் குடிதான்.

காவல் துறைக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை ஒரு விடுதியில் பெண்கள் திரண்டால், கூட்டியது யார் என்று கேட்பதற்கு முன் எதற்காகக் கூடினார்கள் என்று கேளுங்கள்.

தங்கவயலில் பிழைக்கப் போன நம் முன்னோர்களுக்குச் சங்கம்தான் முதுகெலும்பைக் கொடுத்தது. ஓசூருக்குப் பிழைக்க வந்தவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும். அவர்கள் நிமிர்ந்தால் ஊருக்கு ஆபத்து இல்லை; அவர்கள் குனிந்தே இருந்தால், அவர்களோடு சேர்ந்து நம் பிள்ளைகளும் குனிய வேண்டியிருக்கும்.